களவு என்றொரு கட்டம்

அக்டோபர் பதினேழு, காலை ஆறு ஐம்பது.
கார்மல் பள்ளத்தாக்கில் மூடுபனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
லைல் பெட்டன்கோர்ட்டின் வேலிக்கு அந்தப் பக்கம்
பட்டுப்போன பைன் மரம்.
அடியிலிருந்து நுனிவரை அம்மைத் தழும்பாய்த் துளைகள்,
துளைக்கொரு ஓக் கொட்டை.

மடக்கு நாற்காலி. பிளாஸ்கில் காப்பி.
நோட்டில் நான்கு கட்டம்:
வைத்தது, தின்றது, இடம் மாற்றியது, களவு.
மணிக்குப் பதினெட்டு டாலர் கூலி எனக்கு,
கண்ணை எடுக்காமல் இருப்பதற்கு.

சிவப்புக் குல்லாய், வெள்ளை விழி,
எந்நேரமும் திடுக்கிட்ட முகம்.
மரங்கொத்திகள் ஏழு, ஒரே குடும்பம்.
ஒன்று கொட்டையைச் செருகித் தட்டிப் பார்க்கிறது.
ஆடுகிறது.
உருவி அடுத்த துளை. அதிலும் ஆடுகிறது.
நாலாவதில் இறுகுகிறது
புதுச் செருப்பில் கால் போல.
வெயிலில் காய்ந்து கொட்டை சுருங்கும்போது
மறுபடி உருவ வேண்டும், சின்னதாய் ஒன்று தேட வேண்டும்.
இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஏழு பன்னிரண்டு. நீல ஜே,
ஓசையே இல்லாமல்.
மரம் முழுக்கக் கத்துகிறது: வாக்கா வாக்கா வாக்கா!
மூன்று துரத்திப் போக, ஒன்று காவல் நிற்க,
பின்பக்கமாய் இன்னொரு ஜே வந்து
பிடுங்கிக்கொண்டு போயாயிற்று.
களவுக் கட்டத்தில் ஒரு கோடு.

லைல் வந்தார், கையில் மரப்பசை டப்பா.
"என் கொட்டகைச் சுவரிலும் ஆரம்பித்துவிட்டார்கள்.
பலகையைத் துளைத்துப் போட்டதெல்லாம்
சுவருக்குள் விழுந்து கிடக்கிறது.
அவர்களாலும் எடுக்க முடியாது, என்னாலும்."
டப்பாவைத் திறக்கவில்லை.
அரைமணி நேரம் அண்ணாந்தபடி நின்றார்.
"நீ யார் பக்கம்?"
நான் எண்ணுகிறேன், என்றேன்.

சரிவில் ஜே கொட்டையை மண்ணுக்குள் அழுத்தி
காய்ந்த இலையொன்றை இழுத்து மூடியது.
நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது.
தோண்டியெடுத்து
வேறெங்கோ கொண்டுபோனது.

மதியம், லைல் போனபின்,
மரத்தடிக்குப் போனேன்.
கைக்கெட்டும் உயரத்தில் ஒன்று தளர்ந்திருந்தது.
தொட்டேன், அவ்வளவுதான்,
உள்ளங்கையில் விழுந்தது. இத்தனூண்டு கனம்.
திரும்பச் செருகினேன், நிற்கவில்லை.
பக்கத்துத் துளைகளிலெல்லாம் குடியிருந்தார்கள்.
மேலே ஒரு வெள்ளை விழி.

மாலைக் கணக்கு:
களவு. ஜே ஒன்பது, அணில் இரண்டு.
பென்சில் கொஞ்சம் நின்றது,
பிறகு பெயரில்லாமல் ஒரு கோடு.
திங்கட்கிழமை கேட்பார்கள்,
இது என்ன பறவை என்று.