பதினான்காம் படுக்கையின் பொறுமை

"ஒரு மணி நேரம் போதும் மேடம்.
போனில் எப்படி நடந்துகொள்வதென்று
பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை" என்றார் முதல்வர்.
காரணம் இருந்தது.
இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி
பிரசவ வார்டில் எடுத்த முப்பது நொடி வீடியோவில்
குழந்தை அழகாகத்தான் இருந்தது.
பின்னால், சரியாக இழுத்து மூடாத திரைக்கு அப்பால்
யாரோ ஒருத்தியின் கால்.
கொலுசை வைத்து அடையாளம் கண்டுவிட்டான்
புதுவயலில் இருக்கும் அவள் கொழுந்தன்.

சரி என்றேன். இருபத்திரண்டு சிலைடு செய்தேன்.

சிலைடு செய்த இதே விரல்
போன மாதம் ஓர் இரவு, மணி பதினொன்றேகால்,
மின்விசிறி வெக்கையையே சுற்றிச் சுற்றிப் பரிமாறும்
கழனிவாசல் வாடகை வீட்டில்,
திருத்தக் கிடந்த நோட்டுக் கட்டுக்கு நடுவே
ஒரு பக்கத்தைப் படம் எடுத்தது.

அடைக்கலமேரி, முதலாமாண்டு.
கல்லல் பக்கம். பன்னிரண்டு வரை தமிழ் வழி.
பேஷன்ட் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம்
பேஷன்ஸ் என்று எழுதியிருந்தாள்.
அதைத் தமிழாக்கி ஆசிரியர் குழுவில் போட்டேன்:
"பதினான்காம் படுக்கையின் பொறுமை நன்றாகத் தூங்கியது.
பொறுமை இரண்டு இட்லி சாப்பிட்டது.
பொறுமைக்கு உள்ளங்காலில் புண்."
கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம், மூன்று.

பதினோரு பேர் சிரித்தார்கள்.
பன்னிரண்டாம் ஆள் கை தவறி
வேறொரு குழுவுக்கு அனுப்பிவைத்தார்.
காலையில் விடுதி மெஸ்ஸில்,
"ஏ பொறுமை, சட்னிய இங்கிட்டுத் தள்ளு."

இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்றது என் திரை.
பேர் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

வகுப்பு நன்றாகத்தான் போனது.
படம் எடுக்காதே. பேர் சொல்லாதே. ஊரும் சொல்லாதே,
இந்தப் பக்கம் ஊரைச் சொன்னால் பேரைச் சொன்ன மாதிரி.
கோபத்தில் எழுதினால்
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படி.
பதினேழாம் சிலைடு:
ஒருவர் தவறை நாலு பேருக்குக் காட்டுவது திருத்தம் ஆகாது.
மூன்றாம் வரிசையில் அவள்
அதை நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள்,
எழுத்துக்கூட்டி, கவனமாக.
முகத்தில் ஒரு குத்தலாவது இருந்திருக்கலாம்.
கரண்ட் போகாதா என்று பார்த்தேன்.
வேண்டும்போது போகாது காரைக்குடிக் கரண்ட்.
மிச்ச சிலைடுகளைத் தாவி, நன்றி சொல்லி முடித்தேன்.

மாலை வார்டு.
பதினான்காம் படுக்கையில் அதே லாரிக்காரர்.
ஆறு வாரமாகக் கட்டுகிறோம்,
தன் புண்ணை அவர் பார்த்ததே இல்லை.
"குனிஞ்சா வயிறு மறிக்குது தாயி,
ஒரு தடவ எனக்குக் காட்டேன்."
அடைக்கலமேரி தன் பைக்குள் கை விடவில்லை.
அவர் போனைக் கேட்டு வாங்கினாள்,
கீறல் விழுந்த கண்ணாடி, முதுகில் குன்றக்குடி முருகன்.
திரையை இழுத்து மூடினாள். எடுத்தாள். காட்டினாள்.
ரொம்ப நேரம் பார்த்தார்,
லோடு இறக்கப் போகும் புது ஊருக்கு வழி பார்ப்பதுபோல.
"வச்சுக்கிறீங்களா, அழிச்சிரவா?"
"இருக்கட்டும். ஆறுதான்னு பாக்கணும்ல."
போனை அவர் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடித்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது.
அன்று நான் போட்ட படத்தில் அவரும் இருந்தார்:
படுக்கை எண், புண், காலையில் தின்ற இட்லி வரைக்கும்.

இரவு, சிரித்த அதே குழுவில் எழுத உட்கார்ந்தேன்.
"உள்நோக்கம் ஏதுமில்லாமல்" என்று தொடங்கியதை அழித்தேன்.
"யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்பதையும்.
மிஞ்சியது இவ்வளவு:
அடைக்கலமேரியின் நோட்டைப் படம் எடுத்துப் போட்டது என் தப்பு.
அதில் ஒரு நோயாளியும் இருந்தார்.
இரண்டு பேரிடமும் நாளை மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

பன்னிரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சற்றுக் கழித்து உடலியல் சார்
நாளைய கேன்டீன் பட்டியலைப் போட்டார்.

காலையில் அவளை எந்தப் பேரில் கூப்பிடுவதென்று தெரியும்.
அதற்கு அடுத்த வாக்கியம்
இன்னும் வரவில்லை.