நூற்று நாற்பது சதுர மீட்டர்

வூட்ச் என்றால் படகு.
சொல்லிக்கொள்ள ஓர் ஆறுகூட இல்லாமல்
போலந்தின் நடுவில் தரைதட்டி நிற்கிற ஊர்.
அதன் பழைய பஞ்சாலைத் தெருவில்
மூன்றாம் மாடியைக் காட்ட வந்த கொர்னேலியா
சாவியைத் திருப்புமுன் ஒரு கணம் நிறுத்தினாள்,
திரையை விலக்கப்போகிறவள் மாதிரி.

கதவு திறந்ததும் இரேனேயுஷ் "ஹலோ" என்றான்.
அங்கே யாரும் இல்லை.
ஹலோ சுற்றிவிட்டுத் திரும்பி வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.
அந்தத் தாமதத்துக்குத்தான்
நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

ஒன்பது ஜன்னல்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம்.
செங்கல்லைப் பூசாமல் விட்டதற்கு
மாதம் இருநூறு ஸ்லோட்டி கூடுதல்.
விட்டு வந்த வீட்டிலும் பூச்சு உதிர்ந்த சுவர் ஒன்று உண்டு,
அதற்கு வாடகையில் கழித்துக்கொண்டார்கள்.

தரையில் நான்கு நான்காய்த் துளைகள்,
தறிகளை போல்ட் போட்டு நிறுத்திய இடங்கள்.
எண்ணெய் குடித்த பலகை இன்றும் காலுறையைக் கறுப்பாக்கும்.
ஒப்பந்தத்தில் அதற்குக் 'குணாதிசயம்' என்று பெயர்.
பதினேழாம் பிரிவு:
குணாதிசயத்தைத் தேய்த்துக் கழுவக் கூடாது.

ஆறு வருடம் இருபத்தெட்டு மீட்டரில் இருந்தவர்கள் நாங்கள்.
அவன் அலமாரியைத் திறக்க நான் எழுந்து நிற்க வேண்டும்.
சண்டை என்றால் ஒருவர் கழிப்பறைக்குள் போக வேண்டும்,
எப்படியும் வெளியே வந்தாக வேண்டும்.
மன்னிப்பு அங்கே இடுப்பில் இடிக்கும்,
கேட்கிற அளவுக்கு இடமிருக்காது.

இங்கே எங்கள் சோபா
ரயிலைத் தவறவிட்ட பெட்டி போல நடுவில் கிடந்தது.
முதல் மாதம் நடந்தோம், நடந்துகொண்டே பல் துலக்கினோம்.
அவன் ரோலர் ஸ்கேட் வாங்கினான்.
ஒருமுறை விழுந்தான்.
இரண்டாம் மாதம், உப்பு எங்கே என்று
அடுப்படியிலிருந்து ஃபோன் செய்தான்,
ஜன்னலோரம் இருந்த எனக்கு.
பிறகு அதுவும் குறுஞ்செய்தி ஆயிற்று.

ஒரு ஞாயிறு
அவன் வெளியே போயிருக்கிறான் என்று நினைத்து
அவனைப் பற்றி அம்மாவிடம்
ஃபோனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன், இருட்டும்வரை.
ஆறாவது தூணுக்குப் பின்னால்
புத்தகம் வைத்திருந்திருக்கிறான்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பக்கம் புரண்ட சத்தம், அவ்வளவுதான்.

ஜனவரியில் ஹீட்டிங் பில் வந்தது.
உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
மூன்று இலக்கம் இருக்காதா என்ற நப்பாசை.
நாலு.
நாங்கள் எரித்த சூடெல்லாம் ஐந்து மீட்டர் மேலே
இரும்பு உத்தரத்தடியில் ஒரு சிலந்திக்குப் போயிருக்கிறது.
அது மட்டும் கோடையில் இருக்கிறது.
கீழ்வீட்டு ஸ்வவோமிராவிடம் கேட்டேன்,
குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள்?
"குளியலறையில் இருப்போம்" என்றாள்.
"ஆனால் ஜன்னல்கள் அழகு, இல்லையா?"

அன்றிரவு அவன்
இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து
கூடாரத்தை எடுத்தான்.
மசூரிய ஏரிகளுக்குப் போகையில் வாங்கியது,
அதில் அந்தக் கோடையின் மணல் ஒரு பிடி இருந்தது.
முளைகளைத் தறித் துளைகளில் இறக்கினான்.
மூன்று பொருந்தியது.
நாலாவது மூலைக்கு என் ஜெர்மன் அகராதியை வைத்தோம்.

உள்ளே போய் ஜிப்பை இழுத்தோம்.
முழங்கால் இடித்தது.
"நகரு" என்றான்.
"எங்கே?" என்றேன்.

துணிக்கு வெளியே
வாடகை கட்டிய நூற்று முப்பத்தாறு மீட்டர் இருட்டு
சும்மா கிடந்தது.
உத்தரத்துச் சிலந்திக்கு நாங்கள்
கவிழ்ந்த படகாகத் தெரிந்திருக்கலாம்.

வெகுநேரம் கழித்துச் சொன்னேன்,
"அன்றைக்கு அம்மாவிடம் பேசியதில் பாதி உண்மை இல்லை."

"எந்தப் பாதி?" என்றான்.