மான் நிறம்

ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டேன்.
நவம்பர் கடைசியில் எல்லோரும் வருவார்கள்,
ஏரிக்கு இந்தப் பக்கம் பிர்ச் மரங்கள் மொட்டையாகியிருக்கும்,
புல் வைக்கோலாகியிருக்கும்.
அதற்கு எது பொருந்துமென்று
பெயின்ட் கடையிலிருந்து வண்ண அட்டைகள் பொறுக்கி வந்து
ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

சிவப்பு கூடாது, முகத்தைத் தின்றுவிடும்.
கட்டம் போட்டது ஒருவருக்கு மட்டும்.
எழுத்துள்ள பனியன் யாருக்குமே இல்லை,
உன் கால்பந்து அணியின் பெயரானாலும், ரஸ்.
எல்லோருக்கும் ஒரே நிறமும் வேண்டாம்,
பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்குழு ஆகிவிடுவோம்.
ஒன்றையொன்று தெரிந்தவை போல இருக்க வேண்டும்,
ஒட்டிப் பிறந்தவை போல அல்ல.

கட்டில்மேல் பரப்பினேன்.
ரஸ்ஸுக்கு மரப்பட்டைப் பழுப்பு.
எனக்கு ஓட்ஸ் கஞ்சி.
சின்னவன் ஆண்டர்ஸுக்குப் பாலாடை.
ரஸ்ஸின் மூத்த மகள் பிரின்
கறுப்பைத் தவிர எதையும் தொடாதவள்;
மூன்று வாரப் பேரத்துக்குப் பின் காப்பிக்கொட்டைக்கு இறங்கி வந்தாள்.
கொழுந்தன் லைலுக்குக் காக்கி,
அவன் மகள் ஜூனுக்கு இலவங்கப்பட்டை.
அவன் மனைவி கார்லாவுக்கு ஆலிவ் பச்சை,
கூட்டத்தில் ஒரே ஒரு பச்சை,
கண் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருக்க.

உள்ளே ஆளில்லாத ஏழு உடைகள்
கைமேல் கை போட்டுக் கிடந்தன.
எங்கள் குடும்பம் இத்தனை ஒற்றுமையாக இருந்து
நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் கார்லா போய்விட்டாள்.
வானிலை சொல்வது போல லைல் போனில் சொன்னான்.
பச்சையைத் திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டியிருந்தது.
விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்கவிட்டேன்.
சொல்லவே வெட்கமாக இருக்கிறது,
எனக்கு முதலில் தோன்றியது
படத்தின் இடது பக்கம் இனி கனமில்லாமல் போகும் என்பதுதான்.

நன்றி நாளுக்கு மறுநாள், மூன்றரை மணி வெயில்.
வடக்கு விஸ்கான்சினில் அது
கடன் கேட்க வந்தவன் போல வாசலில் நின்றுவிட்டுப் போய்விடும்.
காட்டு விளிம்பில் அவசரமாக வரிசை சேர்ந்தோம்.
படமெடுக்க வந்த ஷெரில் எங்களை உற்றுப் பார்த்தாள்,
காமிராவைத் தாழ்த்தினாள்.
அவள் தலையில் ஆரஞ்சுத் தொப்பி.

ஆண்டர்ஸ்தான் சொன்னான்,
"அம்மா, நாம எல்லாரும் மான் கலர்."

ஏரிக்கு அப்பால் ஒரு துப்பாக்கி வெடித்தது.
இன்னொன்று, கொஞ்சம் கிட்டே.
வேட்டை தொடங்கி ஏழாம் நாள்.
பழுப்பு உடம்பு, பாலாடை வால்.
நான்கு மாதம் அலைந்து நான் சேர்த்தது
ஒரு மான் கூட்டத்தை.

பிரின் சிரித்தாள், விக்கல் வரும்வரை.
லைல் பிக்கப் வண்டிக்கு ஓடி
இருக்கைக்குப் பின்னாலிருந்து வேட்டை அங்கிகளை அள்ளி வந்தான்.
கண்ணைக் குத்தும் ஆரஞ்சு,
காட்டில் எதனோடும் சேராத ஆரஞ்சு,
சேராமல் இருப்பதற்கென்றே செய்தது.
ஒவ்வொருவராய் மாட்டிவிட்டான்.
ஜூனுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியது.
என் ஓட்ஸ் கஞ்சிக்கு மேல் எண்ணெய்க் கறையோடு ஒன்று.
தானும் போட்டுக்கொண்ட பிறகு
கையில் ஒன்று மீந்தது, நடுத்தர அளவு.

அதைப் பார்த்தான்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு
வரிசையின் ஓரத்தில் வந்து நின்றான்,
உடையவள் உள்ளே போயிருக்கிறாள்,
வந்ததும் கேட்பாள் என்பது போல.

ஷெரில் சும்மா ஒன்று எடுத்துவைத்தாள்,
வெளிச்சம் பார்க்க.

வாழ்த்து அட்டையில் போனது வேறு படம்.
படகுத்துறையில், மரங்களைவிட்டுத் தள்ளி,
அங்கிகளைக் கழற்றி, பல் கிட்டக் கிட்ட நாற்பது நொடி.
எல்லா நிறமும் பொருந்தியிருந்தது.
அறுபது வீடுகளுக்கு அனுப்பினேன்.
எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள்.

மற்றதை அச்சுக்குக் கொடுக்கவில்லை.
போனில் இருக்கிறது.
பல் மருத்துவர் வீட்டு நாற்காலியில்,
பெட்ரோல் நிரம்பும்போது,
எடுத்துப் பார்க்கிறேன்.
தீப்பிடித்தது போல ஆறு பேர்,
ஒரு முழங்கையில் மடிந்த ஏழாவது.
இடது பக்கம் கனமாகத்தான் இருக்கிறது.