கப்பல் இல்லாத இரவு

டப்ளின் கப்பல் இன்றைக்குப் போகாதென்று
ஒலிபெருக்கி மூன்றாம் முறையும் இருமியது.
ஹோலிஹெட் துறைமுகத்தில் நாற்பத்தொரு லாரிகள்,
வரிசையாய், மழைக்கு முதுகு காட்டி.

பதினேழாவதில் இட்வல்
ஸ்டியரிங் மேல் ஒரு துணியை விரிக்கிறார்.
இன்ன உருவம் என்று சொல்ல முடியாத துணி.
கேட்டால் அவருக்கும் தெரியாது.

மஞ்சள் கீற்று, பழைய பாதுகாப்புச் சட்டையினுடையது,
வெளிச்சம் பட்டால் திருப்பி முறைக்கும்.
நீலம், தார்ப்பாயின் ஓரம்.
அதில் ஊசி இறங்கப் பல்லைக் கடிக்க வேண்டும்.
கோடு போட்டது பிரெஸ்டனில் ஒரு மதுக்கடையின் மேசைத்துணி
(திருடியதுதான், சின்னத் துண்டு).
வெளிறிய பச்சை, மருத்துவமனை அங்கியின் நாடா.
அதையும் கேட்டு வாங்கவில்லை.

அங்கிருந்துதான் எல்லாம்.
கார்லைலுக்கு வடக்கே, பட்டப்பகலில், நெடுஞ்சாலையில்
நெஞ்சை யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகினார்கள்.
இருபத்தாறு டன்னை ஓரங்கட்டிவிட்டு
ஆறு மணி நேரம் கம்பிகளோடு படுத்திருந்தார்,
இதயத்தில் ஒன்றுமில்லை என்று கேட்பதற்கு.

ஒன்றுமில்லாதது வீடுவரை கூடவே வந்தது.
தேநீரில் பாதி வாய்க்கு, பாதி தட்டுக்கு.
மாத்திரை தந்தார்கள்.
மூச்சை எண்ணச் சொன்னார்கள்.
எண்ணத் தொடங்கினால் மைல்கற்கள்தான் வந்தன.

ஒரு நாள் இருக்கையின் கிழிசலை மூட
ஊசி எடுத்தார். கிழிசல் மூடிக்கொண்டது.
கை நிற்கவில்லை.
அதாவது, நடுக்கம் நின்றிருந்தது,
தைப்பது நிற்கவில்லை.

என் மொழியில் தையல் என்றால் பெண் என்றும் பொருள்.
நல்லவேளை, கூட ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியாது.
கேலிக்கு அவர்கள் மொழியே போதுமாயிருந்தது:
‘கல்யாண கவுன் எப்போது முடியும், இட்வல்?’
அவர் நூலைக் கடித்துத் துப்புவார்.

இன்று பதினொன்றரைக்குக் கதவில் தட்டல்.
லாட்வியாக்காரன், ஓயார்ஸ் என்று பெயர்.
(நான்கு நாட்டில் ஓயாமல் ஓட்டுகிறவனுக்கு
வேறென்ன பெயர் பொருந்தும்.)
கையில் பொத்தான் அறுந்த கோட்டு.
தைத்துக் கொடு என்று விரலால் காற்றைக் குத்திக் காட்டினான்.

இட்வல் ஊசியில் நூல் கோத்து
அவனிடமே நீட்டினார்.
நகர்ந்து இடமும் விட்டார்.

பெருவிரலில் குத்திக்கொண்டபோது
லாட்விய மொழியில் அவன் சொன்னது
வாழ்த்தாக இருக்காது.
பொத்தான் அதன் வீட்டுக்கு
ஒரு விரற்கடை தள்ளிக் குடியேறியது.
கோட்டை மாட்டிப் பார்த்தான், கோணியது,
மாட்டியபடியே மழையில் இறங்கிப் போனான்.

போய்விட்டான் என்றுதான் நினைத்தார்.
திரும்பி வந்தான்.
தன் லாரியின் சன்னல் திரையிலிருந்து
உள்ளங்கை அகலம் வெட்டி எடுத்து:
செம்பழுப்பு, நடுவில் சிகரெட் சுட்ட துளை.

மறைக்கலாம், மேலே ஒரு ஒட்டுப் போட்டு.
இட்வல் அதை நெடுநேரம் பார்த்திருந்தார்.
காற்று லாரியைத் தொட்டில் போல் ஆட்டியது.
பிறகு துளையைச் சுற்றி வெள்ளை நூலில் ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொன்று,
கல் விழுந்த குளத்தைப்போல.

ஓயார்ஸ் பக்கத்து இருக்கையில்
ஈரக் காலணியோடே ஓய்ந்துபோயிருந்தான்.

மூன்றாம் வட்டம் பாதியில் இருந்தபோது
ஒலிபெருக்கி மறுபடி இருமியது:
காலை எட்டுக்கு முன்னால் எதுவும் இல்லை.
‘நல்லது’ என்றார், யாரிடமும் இல்லாமல்.

நூல் இன்னும் ஒன்றரை முழம் இருந்தது.