பழைய எண், புதிய எண்

பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு
நிதியம் தருவது பன்னிரண்டு ரூபாய்.
மேல் விகிதம் கிடைத்தால் பத்தொன்பது.
இடையில் நிற்கும் ஏழு ரூபாய்
சரியாக ஒரு முட்டை,
மார்கழியில் விலை ஏறினால் முக்கால்.

கண்டெய்னர் லாரிகளுக்குள் புகுந்து புறப்பட்டு
இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான் பிரசன்னா,
புருவத்தில் எண்ணூர் சாலையின் தூசி,
கையில் டேப்லெட்.
அவன் வருவதற்குள்
ஃபிரிட்ஜுக்குப் போர்வை போர்த்தியிருந்தேன்,
இல்லாத வீடு மாதிரி தெரியட்டுமென்று.
அவன் முதலில் கேட்டதே
"பாலை எதுலக்கா வெக்கிறீங்க?
ஃபிரிட்ஜ் இல்லேன்னா பதிவே ரத்து."
போர்வையை எடுத்தேன்.
உள்ளே பால், தயிர், யோகஷ்ரீயின் காது மருந்து,
மூடி பொருந்தாத மாவு டப்பா.
சிரிக்காமல் டிக் அடித்தான். நல்ல பையன்.

வீட்டு வருமானம் என்றான்.
துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி என் வீட்டுக்காரர்.
போன ஆடியில் சங்கிலி நழுவி
வலது கையில் இரண்டு விரல் போனது.
ஒரே தவணையில் கொடுத்துவிட்டு
இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
அந்தத் தொகையைக் கூட்டினால்
கோட்டுக்கு மேலே நாலாயிரத்துச் சொச்சம்.
"பேங்க்ல ஏறியிருக்கேக்கா, வருமானம்தானே அது?"
ஒரு விரல் மட்டும் போயிருந்தால்
தகுதி கிடைத்திருக்கும்.
இதை அவனிடம் சொல்லவில்லை,
ராத்திரி அவரிடம் சொன்னேன்.
மிச்ச விரல்களால் என் தலையில் குட்டினார்.

இன்னொரு வழி உண்டாம்.
மாதம் இவ்வளவுக்குள்தான் என்று
பெற்றவர்கள் ஆளாளுக்கு எழுதித் தரவேண்டும்.
தாள் வந்த பிள்ளைக்குப் பத்தொன்பது,
வராத பிள்ளைக்கு அதே பன்னிரண்டு.
பதினொரு பேரில் ஏழு பேருக்கு வந்தது.
செல்வராணி தரவில்லை.
விடியாத நாலு மணிக்கு
தூங்கும் கபிலேஷை அவள் தோளிலிருந்து
என் தோளுக்கு மாற்றிவிட்டு
காசிமேட்டு ஏலத்துக்கு ஓடுகிறவள்.
இடுப்புக் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"எம்புள்ள துன்றதுக்கு
நான் இல்லாதவன்னு கையெழுத்து போடணுமா?
இன்னா ஆவுதுன்னு சொல்லு, நான் குடுத்துட்டுப் போறேன்."
மறுநாள் கேரி பையில் இரண்டு வஞ்சிரத் தலை
வாசலில் இருந்தது.
மீன் பட்டியலில் கிடையாது.
பதிவேட்டில் காய்கறிக் குழம்பு என்று எழுதினேன்.

முட்டை வேகும்போது
எது பத்தொன்பது, எது பன்னிரண்டு என்று
ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன்.
கபிலேஷ் மஞ்சளைத் தின்றுவிட்டு
வெள்ளையை ஆசியாவின் தட்டில் தள்ளுவான்.
ஆசியா தாள் வந்த பிள்ளை.
இதற்குக் கட்டம் எது?

நேற்று பிரசன்னா போன் செய்தான்.
எங்கள் தெரு பட்டியலில் இருக்கிறதாம், பாதி மட்டும்.
பழைய எண் ஒன்றிலிருந்து இருபது வரை.
தெருவே தகுதியானால் தாளும் வேண்டாம், விரலும் வேண்டாம்,
எல்லாப் பிள்ளைக்கும் பத்தொன்பது.
நான் கொடுத்தது மாநகராட்சி ஒட்டிய புது எண், முப்பத்தேழு.
"பழசு எங்கியாவது இருந்தா
ஒரு போட்டோ போதும்க்கா."
வாடகை ரசீதில் எண்ணே கிடையாது.
வீட்டுக்காரர் ஓசூரில் மகளோடு இருக்கிறார்,
கேட்டால் மறந்துவிட்டது என்கிறார்,
கேட்டதற்கே வாடகை ஏற்றுவாரோ என்று பயம்.

நிலைக்கட்டையில் மூன்று பெயிண்ட்.
மேலே பச்சை, அடியில் நீலம்,
அதற்கும் அடியில் மண்ணின் நிறத்தில் ஏதோ ஒன்று.
தின்னரும் காய் நறுக்கும் கத்தியுமாக
ஸ்டூல் மேல் ஏறினேன்.
தள்ளி நில்லுங்கள் என்றால் கேட்கிறார்களா,
பதினொரு பேரும் அண்ணாந்து நிற்கிறார்கள்,
தலையெல்லாம் பச்சைச் செதில்.
முதல் எழுத்து தெரிந்ததும்
கபிலேஷ்தான் கத்தினான்: "ஒண்ணு!"

பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது.
அதற்கும் பக்கத்தில்
விரல் வைத்தால் லேசாக ஒரு மேடு.