பொம்மையின் முதுகு

அவெஷநேதா தெருவில் கடைகள் ஒன்பதுக்குத்தான் திறக்கும்.
ஏழுக்கே கண்ணாடிக்குள் ஏறிவிடுவாள் சுலேமா,
வாயில் குண்டூசி, கழுத்தில் அளவுநாடா, வெறுங்கால்.
வெளியே ஜூலைக் குளிர்.
உள்ளே அதற்குள் வசந்தகாலத்து உடைகள்.

இந்த வருஷம் பொம்மைகள் புதிது.
வயிறு இருக்க வேண்டிய இடத்தில்
கரண்டியால் வழித்தெடுத்தது போல் ஒரு குழி.
உடை நிற்கவில்லை, தொளதொளக்கிறது.
முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்துக்
கவ்வி மாட்டுகிறாள்.
எட்டு. ஒன்பது. பதினொன்று.
தெருவுக்கு முன்பக்கம்.
முதுகு இவளுக்கு மட்டும்.

‘பெண்மை கொஞ்சம் தெரியட்டும்’ என்பார் முதலாளி பெரூச்சி.
அதற்கென்றே ஒரு கைவாகு வைத்திருக்கிறார்:
மணிக்கட்டை மடித்து விரல்களைத் தொங்கவிடுவது,
எதையும் பிடித்துப் பழகாத மாதிரி.

நூலிடை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.
நூல் கோத்தவளுக்குத் தெரியும்,
நூலுக்குப் பசிக்காது.

பத்தரைக்கு ஒதீலியா வந்தாள்.
பேருந்து ஓட்டுகிறவள், இரவுப்பணி முடித்த கண்கள்.
சனிக்கிழமை அவளுக்கு இரண்டாம் கல்யாணம்.
உடையில் தொங்கிய சீட்டில் ‘ஒரே அளவு’ என்றிருந்தது.
யாருடைய அளவு என்று இல்லை.

ஜிப் விலாவில் நின்றுவிட்டது.
திரைக்குப் பின்னால் ‘மன்னிச்சுக்கோ’ என்றாள்,
சுலேமாவிடம் அல்ல,
அந்த உடையிடம்.

அதைக் கேட்டபின் சுலேமா யோசிக்கவில்லை.
அரை ஜிப்போடு அவள் கையைப் பிடித்துக்
கண்ணாடிக்குள் ஏற்றினாள்.
‘பாரு.’
ஒதீலியா ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள்.
ஸ்டீயரிங் காய்த்த விரலால் கவ்விகளை எண்ணி,
நடுவில் கணக்கு தப்பி,
சிரிக்கத் தொடங்கினாள்.
‘இவளுக்கே பத்தலையா?’

நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தது இவ்வளவே:
விலாப் பக்கம் திறந்த ஒரு பெண்
பொம்மைகளுக்கு நடுவில் வயிறு குலுங்க நிற்கிறாள்.
பெரூச்சி கண்ணாடியைத் தட்டுகிறார்.

ஒதீலியா எதுவும் வாங்கவில்லை.
‘இருக்கிற நீலப் பாவாடை போதும்,
உட்கார்ந்து சாப்பிட வரும்’ என்று போனாள்.

ராத்திரி, சமையலறையில்,
சுலேமா எம்பனாதாவைப் பாதியாக வெட்டினாள்.
முப்பது வருஷமாக வெட்டுகிறாள்.
ஒரு பாதி தட்டுக்கு,
ஒரு பாதி துணி போட்டு மூட.
காலையில் அது குப்பைக்குத்தான் போகும்.

இன்றும் மூடினாள்.
விளக்கை அணைக்கப் போனவள்
கை சுவிட்சில் இருக்க
அப்படியே நின்றாள்,
அந்தப் பாதி யாருக்கு என்று
முதல் தடவையாக.