நிமிடத்துக்கு அரை டிகிரி

கப்பலூர் சிட்கோவில் இரண்டாம் ஷிப்டு.
உலை ஏற்றுவதும் உடைத்துப் பார்ப்பதும் என் வேலை.
உடைப்பதற்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள்.

பகலில் அலுமினா மாவைப் பசையோடு சேர்த்து
ஒருநாள் முழுக்க உருளையில் உருட்டி,
நுரை அடங்கவிட்டு,
கத்திமுனைக்கும் பிலிமுக்கும் நடுவே
முடியளவு சந்தில் இழுக்கிறார்கள்.
காய்ந்து உரித்தால்
ரப்பர் போல வளைகிற வெள்ளைத் தாள்.
அறுபது தாள் அடுக்கி வெதுவெதுப்பில் அழுத்தினால்
ஒரே பலகை.

உலைக்குள் சுவர் முழுக்கக் கம்பளி.
எந்த ஆட்டின் மேலும் வளரவில்லை அது;
உருக்கிய கல்லின் மேல் காற்றை அடித்து
இழையிழையாகப் பறக்கவிட்டது.
முகமூடி போட்டாலும் கழுத்து அரிக்கும்.
கதவுக்கு அந்தப்பக்கம் ஆயிரத்து ஐந்நூறு,
இந்தப்பக்கம் நான் சோற்றுவாளி வைக்கிறேன்.

முதலில் பசை எரிந்து வெளியேற வேண்டும்.
நிமிடத்துக்கு அரை டிகிரி.
அதற்கு மேல் போனால்
வழி கிடைக்காத புகை
தாளுக்கும் தாளுக்கும் நடுவே புகுந்து
குடித்தனத்தைப் பிரித்துவிடும்.

போன வியாழக்கிழமை நான் இரண்டு வைத்தேன்.
மகனுக்குக் காய்ச்சல், பத்தே முக்கால் பஸ்,
என்ன சொன்னாலும் வைத்தது நான்.
காலையில் பன்னிரண்டு பலகையும்
ரிங் ரோட்டுக் கடைப் புரோட்டா மாதிரி
ஏடு ஏடாக உப்பிக் கிடந்தன.
பதிவேட்டில் 'மின்தடை' என்று எழுதினேன்.
மின்வாரியத்தைத் திட்ட
யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை.

ஜெனரேட்டர் பார்க்கிற மொக்கைச்சாமி மட்டும்
டீசல் அளவுகோலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"கரண்டு போச்சுன்ன. ஒரு சொட்டும் குறையலையே, சகாயம்?"
பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இன்று புது வகை வந்திருக்கிறது.
கெட்டித் தாளுக்கு ஒன்று விட்டு ஒன்று
மரவள்ளி மாவு கலந்த தாள்.
மாவு எரிந்துபோய்
அது இருந்த இடமெல்லாம் பொடித்துளை.
வேண்டுமென்றே வைத்த பலவீனம் என்றார்கள்.
பழைய பலகையை எந்திரத்தில் வளைத்தால்
ஒரே 'டக்',
இரண்டு துண்டு, முடிந்தது கதை.
இதை வளைத்தேன்.
விரிசல் நேராக இறங்கி
துளைத்தாளைத் தொட்டதும்
பக்கவாட்டில் ஓடியது.
கொஞ்ச தூரம் போய் இறங்கியது.
மறுபடி ஓடியது.
எண் விழுந்தது, ஏறியது, விழுந்தது.
லென்சில் பார்த்தால்
தெப்பக்குளத்துப் படிக்கட்டு.
உடைந்திருக்கிறது,
இன்னும் பாரம் தாங்குகிறது.

இரண்டு தடவை கை கழுவினேன்.
வியாழக்கிழமைப் பக்கம் எடுத்து
'மின்தடை'யின் மேல் ஒரு கோடு போட்டேன்,
அடியில் தெரிகிற மாதிரி.
பக்கத்தில் '2' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்களோ.

பத்தே முக்கால் பஸ் போய்விட்டது.
உலை இப்போது நூற்றுப் பதினேழரை.
காத்திருந்தேன்.
நூற்றுப் பதினெட்டு.